பெடோங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: வயது கடந்தவர்களும் வருகை மாணவர்களும் பாடப்பதிவு செய்யும் முறை

பெடோங்கிலிருந்து செமிலிங்குக்குப் போகும் சாலையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போய்வரும் தோட்டத் தொழிலாளர்களும், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களும், பல்கலைக்கழகம் என்பது எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். ஆகிய பள்ளியிறுதித் தேர்வுகளை முடித்த கையோடு சேரும் பிள்ளைகளுக்கான இடம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால், எஸ்.டி.பி.எம். எழுதாத ஒருவர் 21 வயதுக்குப் பிறகு தம் பணி அனுபவத்தைக் காட்டி இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நம் மலேசியாவில் வழி இருக்கிறது. வேறோர் ஊரில் படித்துக்கொண்டிருப்பவர் ஒரு பருவத்தை மட்டும் இன்னொரு பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பட்டம் வேண்டாதவர் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்துகொண்டே பகுதி நேரமாகப் பட்டம் முடித்தவன் என்ற முறையில், கோயில் மண்டபத்தில் அவ்வப்போது பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களைத்தான், செய்ய வேண்டிய வரிசையில், இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "உங்கள் மகன் என்ன கோர்ஸ் படிக்கிறான்?" என்று நம் வீடுகளில் கேட்டால், கேட்பவர் முழுப் பட்டப்படிப்பைத்தான் குறிப்பிடுகிறார். பல்கலைக்கழகத்தின் மலாய்ப் படிவத்தில் "குர்சுஸ்" என்று இருந்தால் அது ஒரு தனிப் பாடத்தைக் குறிக்கும். முழுப் படிப்புக்கு அங்கே "புரோகிராம்" என்று பெயர். புரோகிராமில் சேர விண்ணப்பிப்பது ஒரு முறை நடப்பது. குர்சுஸைப் பதிவு செய்வது ஒவ்வொரு பருவமும் நடப்பது. அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாடங்களைப் பதிவு செய்யாமல் விட்டு, மூன்றாம் வாரத்தில் "உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே" என்ற பதிலோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எந்த வகை மாணவர்?

படிவத்தைத் தொடுவதற்கு முன் இதைத் தீர்மானித்துவிடுங்கள். எத்தனை பாடங்கள் எடுக்கலாம், பழைய படிப்புக்கு எவ்வளவு பாடவிலக்கு கிடைக்கும், எந்தப் பணத்தைக் கொண்டு கட்டணம் கட்டலாம் என்பன எல்லாம் இந்த ஒரு தீர்மானத்தைத்தான் சார்ந்திருக்கின்றன. வேலையை விடாமல் பட்டம் பெற நினைப்பவர் பகுதி நேர மாணவராகவோ, திறந்தநிலைத் தொலைக்கல்வி மாணவராகவோ சேர வேண்டும். பட்டத்தைப் பற்றி இப்போது முடிவெடுக்க முடியாது, ஒரு பாடத்தைப் படித்துப் பார்க்கலாம் என்பவருக்கு மைக்ரோ கிரெடென்ஷியல் எனப்படும் குறுஞ்சான்றிதழ் பொருந்தும். அதில் தேர்வும் மதிப்பீடும் உண்டு, பின்னர் முழுப் படிப்பில் சேரும்போது அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளிகளைக், கேட்கவும் இடமுண்டு. தேர்வே வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்பவர் ஆடிட் மாணவர். அவர் எடுக்கும் பாடம் சராசரிப் புள்ளியில் சேராது, பட்டத்துக்கும் உதவாது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடைசி வழியை நான் பரிந்துரைப்பதில்லை. பணமும் நேரமும் செலவழித்த பிறகு கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இவர்களைத் தவிர, வேறு பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்துகொண்டே இங்கே வருபவர் இருக்கிறார். அவரைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

அப்பெல் வழி

எஸ்.பி.எம். தேர்ச்சி போதாதவர்களுக்கும், இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் உள்ள முக்கியமான வாசல் அப்பெல். மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வகுத்த முறை இது. வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு, பள்ளிச் சான்றிதழுக்கு ஈடாக ஏற்பதே இதன் அடிப்படை. விண்ணப்பிக்கும் ஆண்டில் சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும், இளங்கலைக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். முதுகலைக்கு 30 வயதோடு, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவிலான ஒரு தகுதியும் வேண்டும். இவ்வாறு சேர்க்கைக்காக மட்டும் செய்யப்படும் மதிப்பீட்டை அப்பெல் ஏ என்கிறார்கள். அதில் தேறினால் விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். இடம் கிடைத்துவிட்டதாகப் பொருளில்லை. மருத்துவம் போன்ற துறைகளில் அந்தந்தத் தொழில் மன்றம் விதித்துள்ள நுழைவுத் தகுதியே செல்லும் என்பதால், அப்பெல் சான்றிதழை நீட்டி அங்கே நுழைய முடியாது.

இளங்கலைக்கான அப்பெல் ஏ மதிப்பீட்டில் மொழித்திறனையும் எண்ணறிவையும் பொது அறிவையும் சோதிக்கும் திறனறித் தேர்வு ஒன்று. சான்றுக் கோப்பு மற்றொன்று. தேர்வுக்குப் பயப்படுபவர்கள் அதிகம், ஆனால் நம்மவர்கள் சறுக்குவது கோப்பில்தான். "என்னிடம் என்ன சான்று இருக்கிறது? நான் எடை போடுகிறவன்" என்று ஒருவர் சொன்னார். அவரோடு உட்கார்ந்து கேட்கக் கேட்க, தினசரி எடைப் புத்தகம், மாதக் கணக்கை ஒப்பிட்டுத் தவறு கண்டுபிடித்ததற்கு நிர்வாகி எழுதிய குறிப்பு, பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்வந்த சான்றிதழ், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் செயலாளராக இருந்தபோது எழுதிய கூட்டக் குறிப்புகள், கோயில் கணக்கை ஆறு ஆண்டு பார்த்ததற்கான தணிக்கை அறிக்கைகள் என்று மேசை நிறைந்துவிட்டது.

அப்படிச் சேர்த்தவற்றை அடுக்கிவைப்பதோடு வேலை முடியாது. மதிப்பிடுபவர் தேடுவது நீங்கள் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதையன்று, அந்த ஆண்டுகளில் என்ன கற்றீர்கள் என்பதை. "பன்னிரண்டு ஆண்டு எடை போட்டேன்" என்ற வாக்கியம் பயன்படாது. "லாரியில் ஏற்றிய செம்பனைக் குலைகளின் எடைக்கும் ஆலையில் காட்டிய எடைக்கும் வேறுபாடு வந்தபோது, எந்தப் பதிவேடுகளை ஒப்பிட்டு, எந்தப் படியில் தவறு நடந்தது என்று கண்டேன்" என்று எழுதினால் அதில் கணக்கும் இருக்கிறது, ஆய்வும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. ஒவ்வொரு அனுபவத்துக்கும் என்ன செய்தேன், அதனால் என்ன தெரிந்துகொண்டேன், அதற்கு எந்தக் காகிதம் சாட்சி என்ற மூன்றையும் அடுத்தடுத்து எழுதுங்கள். பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கும் பெண்கள் குழந்தைக் கல்விப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது தாங்களே செய்த பாடத்திட்டங்களையும் கற்றல் கருவிகளின் படங்களையும் சேர்க்கலாம். படங்களில் பிள்ளைகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்வது நல்லது. படிக்காதவர் கோப்பு என்று யாரும் இரங்கி மதிப்பெண் போட மாட்டார்கள். அதே நேரத்தில் அலங்கார நடையும் தேவையில்லை. எளிய மலாயிலோ ஆங்கிலத்திலோ, நடந்ததை நடந்தபடி எழுதுவதே போதும். இந்தக் கோப்புக்கு இரண்டு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

அப்பெல் சி என்பது வேறு. அது படிப்பில் சேர்ந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட பாடத்தின் உள்ளடக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று காட்டி, அதைப் படிக்காமலே அதற்குரிய கிரெடிட்டைப் பெறும் முறை. மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை இவ்வாறு பெறலாம். 120 கிரெடிட் கொண்ட இளங்கலைப் படிப்பில் அது 36 கிரெடிட். பாடம் ஒன்றுக்கு மூன்று கிரெடிட் என்றால் பன்னிரண்டு பாடங்கள். இதில் வரிசை மிகவும் முக்கியம்: அப்பெல் சி கேட்க நினைக்கும் பாடத்தை அந்தப் பருவத்தில் பதிவு செய்துவிடாதீர்கள். கட்டணம் கட்டி, பாதி வகுப்பு முடிந்த பிறகு "இது எனக்குத் தெரிந்த பாடம்தானே" என்று போய் நிற்பதில் பயனில்லை. முன்பு டிப்ளோமா படித்து நிறுத்தியவர்கள் அப்பெல் சி பக்கம் போகாமல், பழைய மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் கொடுத்துக் கிரெடிட் மாற்றம் கேட்க வேண்டும்.

காகிதங்களும் பெயரும்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். சான்றிதழ், பணிச் சான்றுக் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்யும்போது முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது என்று இருப்பது அதிசயமன்று; தந்தை பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் பாதியாகவும் இருக்கும். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் எடுத்து வைத்துக்கொண்டால், சேர்க்கையின்போதும் பட்டமளிப்பின்போதும் அலைச்சல் குறையும். நகல்களைச் சான்றுறுதிப்படுத்தத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் நாடுகிறார்கள். பள்ளி விடுமுறையில் போய்க் கதவைத் தட்டாமல் முன்கூட்டியே போய் வாருங்கள். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தரத் தேர்ச்சி இல்லாதவர்கள் தனியார் பல்கலைக்கழகத்தில் "பஹாசா கெபாங்சாஆன் ஏ" என்ற பாடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதைக் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிப்போடாமல் முதலாண்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

எங்கே சேர்வது

பெடோங் வட்டாரத்திலிருந்து வேலையோடு படிக்க நினைப்பவர்கள் பொதுவாக மூன்று பெயர்களைக் கேள்விப்படுவார்கள். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கப்பட்டது, ஓ.யு.எம். என்றால்தான் பலருக்குத் தெரியும். வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-இல் பினாங்கில் உருவானது. இந்த இரண்டும் வேலை செய்யும் பெரியவர்களை மனத்தில் வைத்தே அமைந்தவை. மூன்றாவதாகிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யு.எஸ்.எம்., வளாகத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கான படிப்பை 1971-இலேயே தொடங்கிவிட்டது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் வளாகத்துக்கு நேரில் வரவேண்டிய நாள்கள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய்ப் படகேறிப் பினாங்குத் தீவை அடைவது எளிதுதான். ஆனால் தேர்வு மாலையில் முடிந்தால் திரும்பும் ரயிலின் நேரத்தையும் பார்த்தாக வேண்டும்.

இரவுச் சந்தையில் மேசை போட்டு "தேர்வே இல்லாத பட்டம்" விற்கும் முகவர்களிடம் பேசுவதற்கு முன், எம்.கியூ.ஏ. நடத்தும் மலேசியத் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் திறந்து, அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பு இருக்க வேண்டும், அதிலும் அது முழு நேரமா, பகுதி நேரமா, தொலைக்கல்வியா என்று நீங்கள் சேரப்போகும் முறையும் அதே பதிவில் இருக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை கொண்ட நிரந்தரவாசிகளும் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் கட்டணம் கட்டுவதற்கு முன், தம்முடைய ஆவணத்தோடு எந்த வகையில் பதிவு செய்வார்கள் என்று சேர்க்கைப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பாடங்களைப் பதிவு செய்தல்

அனுமதிக் கடிதம் வந்ததும் மாணவர் எண்ணும் இணைய வாசலுக்கான கடவுச்சொல்லும் கிடைக்கும். அதன் பிறகு உங்கள் படிப்பின் பாடத்திட்ட அட்டவணையை எடுத்து, எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். முன்தேவைப் பாடம் சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும்; அதைத் தவறவிட்டால் அடுத்தடுத்த பாடங்கள் எல்லாம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். எனவே பதிவு திறக்கும் நாளிலேயே முன்தேவைப் பாடத்தை முதலில் பிடியுங்கள், விருப்பப் பாடங்கள் பிறகு வரட்டும்.

எத்தனை பாடங்கள் எடுப்பது? எம்.கியூ.ஏ. கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்துத்தான். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. பருவம் 14 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம். இரண்டு பாடங்கள் என்றால் 17 மணி. ஷிஃப்ட் வேலையும் வீடும் உள்ள ஒருவருக்கு அதுவே கனமான சுமை. ஆண்டுக்கு மூன்று பருவங்கள், பருவத்துக்கு இரண்டு பாடங்கள் என்று போனால் ஆண்டுக்கு 18 கிரெடிட்; 120 கிரெடிட்டுக்கு ஏழு ஆண்டு ஆகும். அப்பெல் சி வழியாக 36 கிரெடிட் முழுவதும் கிடைத்துவிட்டால் எஞ்சும் 84 கிரெடிட்டை ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம். இந்தக் கணக்கை வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து போடுங்கள்.

நான் இந்தக் கணக்கைப் போடாமல் முதல் பருவத்திலேயே நான்கு பாடங்கள் எடுத்தேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற ஆசை. ஏழாம் வாரத்தில் மூச்சுமுட்டி இரண்டை விட்டேன். பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்பட்ட தொடக்க வாரங்கள் முடிந்திருந்ததால், அது நீக்கமாகக் கருதப்படாமல் விலகலாகப் பதிவாயிற்று. கட்டிய பணமும் திரும்பவில்லை. நீக்கினால் பாடம் பதிவிலிருந்தே போய்விடும். விலகினால் அது மதிப்பெண் பட்டியலில் ஒரு குறியாக நிற்கும். இரண்டுக்கும் உரிய கடைசித் தேதிகளைக் கல்வி நாட்காட்டியிலிருந்து எடுத்து, வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். நோய், பிள்ளைப்பேறு, வேலை மாற்றம் ஆகியவற்றால் பருவம் முழுவதையும் விட வேண்டிய நிலை வந்தால், பாடம் பாடமாக விலகாமல் படிப்பை ஒத்திவைக்கும் படிவத்தைக் கேளுங்கள்.

பதிவு முடிந்ததும் பதிவுச் சீட்டைப் பதிவிறக்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த திரைப்பிடிப்பு மட்டும் போதாது. தோட்டத்து லயன் வீடுகளில் இணையத் தொடர்பு மழை நாளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடைசி நாளின் நள்ளிரவுக்குக் காத்திருக்காமல், பட்டணத்தில் இருக்கும் ஒரு பகலில் பதிவை முடித்துவிடுங்கள்.

பணம்

ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின், 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு பிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது; கல்விக்கான பணம் செஜாத்ராவிலிருந்து வரும். அனுமதிக் கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள் என்பதால், பல்கலைக்கழகத்திடமிருந்து பருவக் கட்டணத்தைப் பிரித்துக் காட்டும் கடிதம் ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்குங்கள். தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். தரும் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது; படிப்பும் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கட்டணப் பாக்கி இருந்தால் தேர்வுச் சீட்டை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. தவணையில் கட்ட அனுமதி வேண்டுமென்றால், தேர்வு நெருங்கும்போது கேட்காமல் பருவத் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

வருகை மாணவர்கள்

ஜொகூரிலோ கோலாலம்பூரிலோ படிக்கும் மகள், தாயின் சிகிச்சைக்காக ஒரு பருவம் பெடோங்கில் இருக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் படிப்பை ஒத்திவைப்பதற்கு முன், மொபிலிட்டி திட்டத்தின் கீழ் அருகிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பருவத்தைப் படிக்க முடியுமா என்று கேட்கலாம். தொடங்க வேண்டிய இடம் அவள் படிக்கும் சொந்தப் பல்கலைக்கழகம். அங்குள்ள கல்வி ஆலோசகரிடம், இங்கே எடுக்க நினைக்கும் ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் கொடுத்து, அது அங்குள்ள எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். நேராக இங்கே வந்து பாடத்தை முடித்துவிட்டு, பிறகு போய்க் கிரெடிட் கேட்டால், "பாடத்திட்டம் ஒத்துவரவில்லை" என்ற ஒரு வரியில் பருவமே வீணாகிவிடும். விரும்பிய பாடத்தில் இங்கே இடமில்லாமல் போகக்கூடும் என்பதால், தேவைக்கு மேல் இரண்டு பாடங்களுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். இரு பல்கலைக்கழகங்களுக்கும் உடன்படிக்கை இருந்தால் கட்டணத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டும் ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் இங்கே தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு இடத்திலும் கட்டிவிடாமல் முதலிலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ உறவினர் பிள்ளை ஒரு பருவம் படிக்க வருவதானால், வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பின் வழியாக மாணவர் அனுமதி பெற்றே வர வேண்டும். சுற்றுலா அனுமதியில் வந்து சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்ணப்பத்தை அந்தப் பிள்ளை சேரப்போகும் பல்கலைக்கழகமே அனுப்பும் என்பதால், பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே அங்குள்ள அனைத்துலக மாணவர் பிரிவுக்கு எழுத வேண்டும்.

பருவம் முடிந்து ஊர் திரும்பும் வருகை மாணவர், புறப்படுவதற்கு முன் நூலகப் பாக்கியையும் கட்டணப் பாக்கியையும் தீர்த்துவிட்டு, மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தமக்கென்று ஒரு பிரதியும், படித்த பாடங்களின் முழுப் பாடத்திட்டமும் கையோடு எடுத்துச் செல்லட்டும்.